துபாயிலிருந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க

துபாயிலிருந்து படிவம் 6 போட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நிரப்ப வேண்டியது படிவம் 6 அல்ல, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கான 6ஏ. உள்ளூரில் வசிப்பவர்களுக்கான படிவம் 6-ஐ துபாயிலிருந்து போட்டதுதான் நிராகரிப்புக்குக் காரணமாக இருக்கும். வீட்டுக்கு விசாரிக்க வந்த அலுவலர் 'இங்கே இல்லை' என்று எழுதியிருப்பார்.

முதலில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அதிலுள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ, அங்கேதான் பெயர் சேரும். குடும்பம் இப்போது வேறு ஊரில் இருந்தாலும் அது கணக்கில் வராது.

1. தேர்தல் ஆணையத் தளத்தில் 6ஏ-வைத் திறந்து புகைப்படம், பாஸ்போர்ட்டின் புகைப்பட, முகவரிப் பக்கங்கள், செல்லுபடியாகும் விசா பக்கம் ஆகியவற்றை ஏற்றுங்கள்.
2. அலுவலர் பாஸ்போர்ட் முகவரிக்கு வருவார். அங்கிருப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். பலருக்கும் காரியம் கெடுவது இங்கேதான்.
3. பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும். புதிது தரமாட்டார்கள், அசல் பாஸ்போர்ட்டே அடையாளம்.

வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது, அதனால் இப்போதே போடுங்கள்.

ஒன்று மட்டும்: பெயர் சேர்ந்தாலும் வாக்குச்சாவடிக்கு நேரில்தான் வர வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குத் தபால் வாக்கும் இணைய வாக்கும் கிடையாது, இது பெரிய குறைதான். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் இந்த உரிமையே இல்லை.