நரம்பு சொல்லியும் தசை கேட்காதபோது: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): நரம்பில் வரும் மின்சாரம் நேராகத் தசைக்குள் பாய்ந்துதான் அதைச் சுருக்குகிறதா?

இல்லை. நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. மின்துடிப்பு நுனியை எட்டியதும் அங்கே கால்சியம் நுழையும். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டும். அது தசையிலுள்ள ஏற்பிகளில் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) ஒட்டினால் தசையில் புதிதாக ஒரு மின்துடிப்பு கிளம்பும். உடனே தசைக்குள் சேமித்திருக்கும் கால்சியம் வெளிப்பட்டு, மயோசின் என்ற புரத இழைகள் ஆக்டின் என்ற புரத இழைகளைப் பிடித்து இழுக்கும். அதுதான் சுருக்கம். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி அடுத்த கணமே சிதைத்துவிடும். இந்த நொதியை நினைவில் வையுங்கள்.

கேள்வி: வயலில் மருந்து அடித்த சித்தப்பாவுக்கு வாயில் நுரை, உடம்பெங்கும் தசைத் துடிப்பு. ஏன்?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தாக இருக்கலாம். அது அந்த நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கித் தசை முதலில் துடிக்கும், அப்புறம் செயலிழக்கும். அட்ரோபின் ஊசி எச்சில், சளியைக் கட்டுப்படுத்தும். தசை பலவீனத்தை மாற்றாது. அதனால் மூச்சைக் கவனிப்பதுதான் முக்கியம். இனி இப்படி நேர்ந்தால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காலையில் கண் நன்றாக இருக்கிறது, மாலையில் இமை தொங்கிவிடுகிறது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோயாக இருக்குமா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். அதில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே தசையின் ஏற்பிகளைத் தாக்கும். 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், அதே நொதியைத் தடுக்கும் பைசோஸ்டிக்மினைக் கொடுத்து ஒரு நோயாளி தேறுவதைக் கண்டார். அளவு மீறினால் நஞ்சாகும் வழியே இங்கே மருந்து! விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணனைக் கட்டுவிரியன் கடித்தது. விஷமுறிவு ஊசி போட்டும் இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறார். மருந்து வேலை செய்யவில்லையா?

நல்ல பாம்பின் விஷம் பெரும்பாலும் தசையின் ஏற்பிகளை அடைக்கும். கட்டுவிரியன் விஷமோ நரம்பு நுனியையே சிதைக்கும். ஊசி, ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். சிதைந்த நுனி தானாகத்தான் வளர வேண்டும். நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். அதுவரை இயந்திரம் மூச்சைத் தாங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். கண் திறக்காது, கை அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். மூளை போய்விட்டது என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அவருக்கு நினைவு இருக்கலாம், காதும் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.