வெள்ளவத்தையா, வத்தளையா?

அன்பின் அண்ணா,

எனக்குக் கொழும்புக்குப் பக்கத்தில், பேலியகொடையில் வேலை கிடைத்திருக்கிறது. கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இருந்து குடும்பத்தோடு போகிறோம். மகள் இப்போதுதான் முன்பள்ளிக்குப் போகிறாள். எங்கள் தமிழாக்கள் அதிகம் இருக்கிற வெள்ளவத்தைதான் பாதுகாப்பு என்று அம்மா நிற்கிறார். நண்பன் வத்தளை என்கிறான். கொலன்னாவையில் வாடகை மலிவு என்று தரகர் சொல்கிறார். பரந்தன் காணியை விற்றுத் தொடர்மாடியில் ஒரு வீடு வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

க., பரந்தன்

அன்பின் தம்பி,

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோது, வெள்ளவத்தை லொட்ஜ்களும் தப்பவில்லை. உயர் நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது. எங்களாக்கள் அதிகம் என்பது கோயிலுக்கும் கடைக்கும் பேச்சுத் துணைக்கும் நல்லது. அதற்கு மேல் அதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளவத்தையில் இருந்து பேலியகொடைக்கு என்றால் காலி வீதி நெரிசலில் கோட்டைப் பக்கம் வந்து, நகரத்தைக் குறுக்கறுத்து, களனி கங்கையையும் தாண்ட வேண்டும். தினமும் இரண்டு தரம். வத்தளை பேலியகொடைக்குப் பக்கத்து ஊர். புத்தளம், நீர்கொழும்பு வழியாக வரும் வடக்குப் பஸ்களும் அந்தப் பக்கத்தால்தான் வருகின்றன. அம்மாவுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

என்றாலும் உங்கள் வீட்டை முடிவு செய்யப்போவது மகளின் பாடசாலைதான். அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிப்பது முந்தைய ஆண்டிலேயே. வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் எத்தனை ஆண்டுகள் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் கேட்கிற பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். ஊரில் இருந்து புதிதாகப் போகிறவருக்கு இடாப்புப் புள்ளி கிடைக்காது, பாடசாலைக்குக் கிட்ட இருப்பதற்கான புள்ளிதான் மிச்சம். ஆகவே பம்பலப்பிட்டியில் பேர்போன கல்லூரி ஒன்றை மனதில் வைத்து வெள்ளவத்தையில் வாடகை கொடுப்பது வீண் ஆசையாகப் போகக்கூடும். கொட்டாஞ்சேனையை ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போல. தமிழ்மொழிப் பாடசாலைகள் உள்ள இடம், பேலியகொடையும் கிட்ட. நெரிசலான இடம்தான், பரந்தன் முற்றத்தை அங்கே தேட முடியாது. நான் என்றால் முதலில் அங்கே, அப்புறம் வத்தளையில், அவ்வளவாகப் பேர் அடிபடாத பாடசாலை ஒன்றைப் பார்த்து, அதிபரோடு பேசிவிட்டு, அதற்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு தேடுவேன்.

கொலன்னாவை வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். களனி கங்கை இன்னொரு விதம். கொழும்பில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும், மேலே மலைநாட்டில் பெய்த மழை கீழே வந்து வீட்டுக்குள் ஏறும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவலையும் மூழ்கின. வத்தளையிலும் ஹெந்தளைப் பக்கம் முத்துராஜவெல சதுப்பை ஒட்டிய பள்ளக் காணிகள் உண்டு. வெள்ளம் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்காதீர்கள், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கேளுங்கள். அவருக்குக் கொமிஷன் இல்லை.

வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எழுத்தில் போடுங்கள், பாடசாலைக்கு அதுவும் வேண்டும். வாய்ப்பேச்சில் முடிப்போம் என்கிற வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்.

காணி விஷயம்: விற்க வேண்டாம். வேலை நிலைக்குமா, மகளுக்கு இடம் கிடைக்குமா என்று தெரியாமல் தொடர்மாடியில் காசைப் போட்டால், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் கட்டிக்கொண்டு மாட்டுப்படுவீர்கள். இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். காணியைச் சொந்தபந்தத்தில் யாருக்காவது தோட்டம் செய்யக் கொடுங்கள், வேலி விழாமல் பார்ப்பார்கள்.