முகாம் பிள்ளைகளின் பெற்றோருக்குச் செய்தி சொல்ல பேஸ்புக் போதுமா?

ஆகஸ்ட் லீவில் நுவரெலியாவில் 5 நாள் முகாம், 40 பிள்ளைகள் என்கிறீர்கள். பேஸ்புக் பக்கம் விளம்பரத்துக்குச் சரி. பிள்ளைகளின் முகத்தை அதில் போடாதீர்கள். தினச் செய்திக்கு வட்ஸ்அப் குழுதான். குழுவின் செட்டிங்ஸுக்குப் போய், அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குட்மோர்னிங் பூக்களுக்கு அடியில் உங்கள் அறிவித்தல் புதைந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் வேண்டாம்; உங்கள் இலக்கத்தைச் சேமிக்காதவருக்கு அது போகாது.

பகலில் அனுப்பிப் பயனில்லை. தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அம்மாமார் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வர மாலையாகும். 7 மணிக்கு அனுப்புங்கள். வாசிக்கச் சிரமப்படுவோருக்காக 30 செக்கன் குரல் பதிவு: "எல்லாரும் சாப்பிட்டாச்சு, மழை, நாளைக்கு மலையேற்றம் இல்லை." வீடியோ டேட்டாவைத் தின்னும், 6, 7 போட்டோ போதும். பெயர்ப்பட்டியலில் டிக் போட்டு, 2 நாளுக்குள் 40 முகமும் வருகிறதா பாருங்கள். விடுபட்ட பிள்ளையின் வீட்டிலிருந்துதான் இரவு முழுக்க கோல் வரும்!

காய்ச்சல், காயம் என்றால் குழுவில் போடவே கூடாது. அந்த வீட்டுக்கு நேரே கோல். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்து, "செய்தி பிந்தினால் பயப்படாதீங்க, அவசரம் என்றால் நாங்களே எடுப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.