அம்மாவின் வானொலியை யார் நிறுத்தச் சொன்னது?

கேள்வி: எனக்கு 47 வயது. சிங்கப்பூரில், யீஷூனில் மனைவி, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், 77 வயது அம்மா ஆகியோருடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். பொருளாதாரம் சரிந்துகொண்டே போகிறது, அரசியல்வாதிகளும் ஊடகங்களும் அதை மூடி மறைக்கிறார்கள். ஐசக் அசிமோவ் மாதிரி அறிவியல் புனைகதைக்காரர்கள் எப்போதோ எழுதியது இப்போது நடக்கிறது. தினமும் இரவு அம்மாவின் வானொலியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் விளக்குகிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை, மனைவி எழுந்து போய்விடுகிறார். அப்பா கப்பல் பட்டறையில் இருந்தவர், 1985ல் வேலை போனவர். அப்படிப்பட்ட குடும்பத்துக்கே புரியவில்லை என்றால் எப்படி?

பதில்: தம்பி, மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வரி, வட்டி, தேர்தல், விண்கலம் எல்லாம் அதில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படித்தது மூன்றே சொல்தான்: 'அம்மாவின் வானொலியை நிறுத்திவிட்டு'.

ஊடகம் மக்களைப் பேசவிடுவதில்லை என்று குமுறுகிற நீங்கள், வயதான ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலி 96.8ஐ அணைத்துவிட்டு உங்கள் ஒலிபரப்பை ஆரம்பிக்கிறீர்கள். ஒரே நிலையம், ஒரே அறிவிப்பாளர், நேயர் விருப்பத்துக்கு இடமே இல்லை.

நீங்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. இங்கே பத்திரிகைக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள நெருக்கம் ஒன்றும் ரகசியமில்லை. பத்திரிகைகளை வெளியிடும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்கப்போவதாக 2022ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஜிஎஸ்டி 2023ல் 8 விழுக்காடு, 2024ல் 9 விழுக்காடு ஆனதும் ரசீதைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், உங்கள் மனைவிக்கு நீங்கள் சொல்லியா தெரிய வேண்டும்?

அசிமோவை நானும் படித்திருக்கிறேன் (தேசிய நூலகத்தில் இரவல் எடுத்து, அபராதமும் கட்டி). அவருடைய 'ஃபவுண்டேஷன்' கதையில் பேரரசு விழப்போவதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறாரே ஹாரி செல்டன், அந்தக் கணக்குக்கு இரண்டு நிபந்தனை உண்டு, மறந்துவிட்டீர்களா? கோடானுகோடி மக்கள் திரளுக்குத்தான் அது பலிக்கும், தனி ஆளுக்குப் பலிக்காது. அப்புறம், விடை அந்த மக்களுக்குத் தெரியவே கூடாது. நீங்களோ நாலு பேர் உள்ள வீட்டில், ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது, தினமும் விடையை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரிவு என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்தவர் அந்த மேசையிலேயே இருக்கிறார். 1985 கப்பல் பட்டறைகள் படுத்துப்போன காலம். மறு ஆண்டே முதலாளிகள் தொழிலாளிக்காகக் கட்டும் மசேநிதியை (மத்திய சேமநிதி) 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கினார்கள். வேலையில் இருந்தவர்களுக்கே அந்த அடி என்றால் வேலை போன வீடு எப்படி இருந்திருக்கும்? உங்களுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் யாரோ எதையோ அடகு வைத்திருக்கிறார்கள், யாரிடமோ கைமாற்றுக்கு நின்றிருக்கிறார்கள், தன் தட்டில் குறைத்துக்கொண்டு உங்கள் தட்டில் போட்டிருக்கிறார்கள். அது யார், எப்படி என்று ஒரு நாளாவது அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமல், அவருக்கே போய் பொருளாதாரச் சரிவை விளக்குகிறீர்கள்!

இன்னொன்று. சரிவு வரப்போகிறது என்று நிஜமாகவே நம்பும் குடும்பத் தலைவர் முதலில் வீட்டுக்கு ஆறு மாதச் செலவையாவது ஒதுக்கி வைப்பார். அதைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. பெற்றவளின் வானொலியைப் பிடுங்கிவிட்டு உலக நிலவரம் பேசும் பிள்ளையை விவரமானவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பழைய காலத்து ஆள் என்று என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை.

மனைவி எழுந்து போவதற்கு நான் மருந்து சொல்லப்போவதில்லை, நானாக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன். இன்று இரவு வானொலி ஓடட்டும். அம்மாவுக்கு வேண்டிய பாட்டெல்லாம் முடியட்டும். பிறகு 85ஐப் பற்றிக் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், குறுக்கே அசிமோவைக் கொண்டுவராதீர்கள். எனக்கு மறுபடி எழுதுவதாக இருந்தால் அம்மா சொன்னதை எழுதுங்கள். இந்த மூன்று பக்கத்தில் அவர் பேசியதாக ஒரு வரிகூட இல்லை.