கிட்டார் கேள்வி பதில்: எந்த விரலை எடுக்க வேண்டாம்?

கேள்வி: அண்ணா, நான் ஏழு மாதமாகக் கிட்டார் பழகுகிறேன். சீ, ஜீ, டீ, ஏ மைனர் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்களை) எல்லாம் தனித்தனியாகப் பிடித்தால் வடிவாகச் சத்தம் வருகிறது. தம்பி பாட நான் வாசிக்கும்போதுதான் பிரச்சினை. கோர்ட் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அவன் பாட்டை நிறுத்தி எனக்காகக் காத்திருக்கிறான். விரல்கள் கெதியாக ஓடுவதற்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வேகத்தைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். அசையத் தேவையில்லாத விரல்களும் சேர்ந்து அசைவதால்தான் பாட்டு நிற்கிறது. இப்போதே கிட்டாரை எடுத்து சீ பிடித்துப் பாருங்கள். மெல்லிய தந்தியையும், தலைப்பக்கத்து ஃப்ரெட்டையும் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) முதலாவதாக எண்ணினால், சுட்டுவிரல் 2ஆம் தந்தியில் 1ஆம் ஃப்ரெட், நடுவிரல் 4ஆம் தந்தியில் 2ஆம் ஃப்ரெட், மோதிரவிரல் 5ஆம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட். இதிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிரவிரல் மட்டும் எழும்பி 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கு வந்தால் போதும், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் பழகுகிறவர்கள் அநேகமாக மூன்றையும் தூக்கி, கையை வெறுமையாக்கி, மறுபடியும் மூன்றுக்கும் இடம் தேடுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் பாடகர் குழுவோடு வாசிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான். குழுவில் இருந்த மூத்த அண்ணர் ஒருவர் ஒரு நாள் என் சுட்டுவிரலுக்கு மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப மாத்தும் பாப்பம்" என்றார். மாற்ற முடிந்தது! அந்த விரலைத் தூக்கவே வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஜீயிலிருந்து டீக்குப் போவதும் இப்படித்தான், ஆனால் ஜீயை நாலு விரலால் பிடிக்க வேண்டும்: நடுவிரல் 6ஆம் தந்தியில் 3, சுட்டுவிரல் 5ஆம் தந்தியில் 2, மோதிரவிரல் 2ஆம் தந்தியில் 3, சின்னவிரல் 1ஆம் தந்தியில் 3. டீயிலும் மோதிரவிரலுக்கு அதே 2ஆம் தந்தி, அதே 3ஆம் ஃப்ரெட்தான். அதை ஊன்றிய காலாக வைத்துக்கொண்டு மற்ற விரல்களைத் திருப்புங்கள். ஒரு பாட்டை எடுத்தவுடனே வாசிக்கத் தொடங்காமல், அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு இரண்டு கோர்டுக்கும் நடுவில் எந்த விரல் பொதுவாக இருக்கிறது என்று முதலில் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பொதுவிரல் இல்லாத இடங்களும் உண்டு. டீயிலிருந்து சீக்கு வரும்போது, சுட்டுவிரலை முதலில் வைத்து மோதிரவிரலைக் கடைசியாக வைப்பதுதான் பலருக்கும் கைவந்த பழக்கம். ஆனால் தந்தியை மீட்டுகிற பிக் மேலிருந்து கீழே வரும்போது முதலில் படுவது 5ஆம் தந்தி, அங்கே இருக்க வேண்டியது மோதிரவிரல். அதனால் அதை முதலில் வைக்கப் பழகுங்கள். மற்ற இரண்டும் ஒரு கணம் பிந்தினாலும் கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம், வலக்கை. இடக்கை பிந்தினால் வலக்கையும் மரியாதைக்காக நின்றுவிடுகிறது, அதை மட்டும் விடக்கூடாது. நாலு எண்ணி வாசிக்கும்போது நாலுக்குப் பிறகு வருகிற மேல்நோக்கிய அடியில் இடக்கை விரல்களைத் தளர்த்திவிடுங்கள், திறந்த தந்திகள் ஒலிக்கட்டும். மேல் ஏறுகிற அடியில் படுவது பெரும்பாலும் மெல்லிய மூன்று தந்திகள்தான், அவற்றின் சுரங்கள் ஈ, பீ, ஜீ. இந்த மூன்றும் சேர்ந்தால் ஈ மைனர். நீங்கள் சொன்ன கோர்டுகளுக்கு நடுவே அது உறுத்தாமல் கலந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் வாசிப்பதை உற்றுக் கேளுங்கள், அவர்களும் அந்த இடத்தில் கையைத் தூக்குகிறார்கள். பயிற்சிக்கு இரண்டே இரண்டு கோர்ட் போதும். போனில் மெட்ரோனோமை (சீராகத் தட்டுப் போடுகிற செயலி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு கோர்டுக்கு நாலு தட்டு என்று மூன்று நிமிடம் வாசியுங்கள். கோர்ட் பிழைத்தாலும் பரவாயில்லை, தட்டு தவறக்கூடாது. தம்பி பாடுவதை நிறுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஓடிப்போய்ப் பிடியுங்கள்.

கேள்வி: 50 வயதுக்கு மேல் பழகத் தொடங்கியவன் நான். எஃப் கோர்ட் வந்தாலே கை வலித்து நின்றுவிடுகிறேன். வயதுதான் காரணமா?
வாசகர், தெஹிவளை

பதில்: ஐயா, வயதைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள். தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கி நிற்கிற சின்னக் கட்டை இருக்கிறதே, நட் என்பார்கள், அதன் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால் எஃப் பிடிக்கிற 1ஆம் ஃப்ரெட்டில் அழுத்துவது பெரும் பாடாகிவிடும். ஒரு தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மெல்லிய தாள் அளவு இருந்தால் சரி. இன்னொரு வழி, 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்துகிற கவ்வி) போட்டு அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று இலகுவாகிவிட்டால் பிழை உங்கள் கையில் இல்லை. என் முதல் கிட்டாரை வாங்கிய கடையில் "பழகப் பழகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் வலியோடு வாசித்தேன். பிறகு திருத்துபவர் ஒருவர் நட்டை அராவித் தந்த அன்று மாலையே எஃப் வந்தது.

அதுவரை சின்ன எஃப் போதும்: சீயிலிருந்து சுட்டுவிரலை எடுக்காமல், நடுவிரலையும் மோதிரவிரலையும் மெல்லிய தந்திப் பக்கமாக ஒவ்வொரு தந்தி நகர்த்தி, அந்த மெல்லிய பக்கத்து நாலு தந்திகளை மட்டும் அடியுங்கள். எஃப் மேஜர் செவன் என்று பெயர், பல பாட்டுகளில் எஃப்புக்குப் பதிலாக நன்றாகவே பொருந்தும். அப்புறம், நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றில் இரும்புத் தந்தி கெதியாகத் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும், விரல் வழுக்கி நகராது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியாகத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: மற்றப் பாட்டுகளில் சமாளிக்கிறேன், பைலா வந்தால் மட்டும் கோர்ட் மாற்ற நேரமே இல்லை. ஏன்?
வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: நம் ஊர் ஆட்டப் பாட்டான பைலா ஆறு-எட்டுத் தாளம், நீங்கள் நாலாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் கொடுத்து ஆறு வரை வாய்விட்டு எண்ணுங்கள், ஆறாவது தட்டில் இடக்கையைத் தூக்குங்கள். முதலில் கிட்டார் இல்லாமல் மேசையில் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு எடுங்கள்.