உங்கள் எக்செல் ஷீட்டில் இல்லாத ஒரு கட்டம்

சார், நீங்கள் அனுப்பிய எக்செல் ஷீட்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பாப்பாவின் டாக்டர் படிப்புக்கு இங்கே அமெரிக்காவில் 27 கல்லூரி, எத்தனை வருடப் படிப்பு, எஸ்.ஏ.டி (காலேஜ் நுழைவுத் தேர்வு) எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, நியூஜெர்சி எடிசனிலிருந்து காரில் எத்தனை மணி நேரம் என்பது வரைக்கும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் இருக்க வேண்டிய ஒரு கட்டம் அதில் இல்லை. சிட்டிசனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டுமா, வேண்டாமா?

நீங்கள் எச்-1பி வேலை விசாவில், பாப்பா அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவில். ஹைஸ்கூல் முடிக்கும்போதே மெடிக்கல் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கிற இந்த பி.எஸ்/எம்.டி படிப்புகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களைத்தான் எடுக்கின்றன. மூன்று வயதில் இங்கே வந்தவள், இங்கேயே படித்தவள் என்பதெல்லாம் அந்த விதிக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கும்போது கல்லூரி அட்மிஷன் ஆபீசில் "தாராளமாக அப்ளை பண்ணலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வது கல்லூரிக்கு. மெடிக்கல் ஸ்கூல் பெரும்பாலும் தனி ஆபீஸ், சில இடங்களில் வேறு நிறுவனமே. அங்கேயும் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தாலே ஷீட்டில் பாதிக்கு மேல் அடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மச்சான் மகன் போன வருடம் 7 வருடப் படிப்பில் சேர்ந்துவிட்டான் என்று ஒரே மெயிலில் மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். அவன் இங்கே பிறந்தவன் சார். அவனோடு இவளை ஒப்பிடவே முடியாது, அதுவும் அவள் காதுபட வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் 2016. பாப்பாவுக்கு இப்போது 16. காலேஜ் மூன்றாம் வருடம் முடிகிற சமயத்தில் 21 ஆகும், அதற்குள் கிரீன் கார்டு கைக்கு வராவிட்டால் எச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எஃப்-1 மாணவர்களை எடுக்கிற மெடிக்கல் ஸ்கூல்கள் குறைவு, எடுப்பவற்றிலும் சில, வருடக்கணக்கான ஃபீஸை முன்கூட்டியே எஸ்க்ரோவில் (மூன்றாம் ஆள் பொறுப்பில் இருக்கும் கணக்கில்) கட்டச் சொல்கின்றன. எச்-4 ஆனாலும் எஃப்-1 ஆனாலும் ஃபெடரல் (மத்திய அரசு) கடன் கிடையாது. ஆகவே பி.எஸ்/எம்.டி வேண்டாம், நாலு வருட டிகிரி முடித்து எம்கேட் என்ற மெடிக்கல் நுழைவுத் தேர்வு எழுதிப் போகட்டும் என்றாலும் இதே சுவர்தான் முன்னால் நிற்கும். இம்மிக்ரேஷன் லாயரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து உட்காருங்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கான சி.எஸ்.பி.ஏ சட்டப்படி அவள் வயது எப்படிக் கணக்காகும், ஐ-140 (உங்கள் கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு) நிலுவையில் கிடந்த நாட்கள் எத்தனை கழியும் என்று எழுதி வாங்குங்கள். எஸ்.ஏ.டி கோச்சிங்குக்குக் கொடுக்கிற பணத்தைவிட இது உருப்படியான செலவு.

சரி, ஷீட்டுக்கு வருகிறேன். நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியை எடுத்துவிடுங்கள், அந்த 7 வருடப் படிப்பை மூடியே பல வருடமாகிறது, பழைய பட்டியல்களில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்சாஸ் சிட்டியில் 6 வருடம், டி.சி.என்.ஜே காலேஜும் ரட்கர்ஸ் மெடிக்கல் ஸ்கூலும் சேர்ந்து நடத்துவதில் 3+4, பிரவுனில் 8 என்று வருடத்தை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். குறைந்த வருடம் மேலே, கூடின வருடம் கீழே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 6 வருடப் படிப்பில் 18 வயதிலேயே ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆரம்பித்துவிடும், கோடை விடுமுறை என்று பெரிதாக எதுவும் இருக்காது. சில பிள்ளைகளுக்கு அது சரிப்படும். போன மாதம் உங்கள் பெண் என்னிடம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பற்றி அரை மணி நேரம் பேசினாள், உங்களிடம் பேசினாளா?

பிரவுனின் பி.எல்.எம்.இ என்கிற அந்த 8 வருடப் படிப்பில் எம்கேட் எழுத வேண்டியதில்லை, காலேஜில் எதை வேண்டுமானாலும் மேஜராக (முக்கியப் பாடமாக) எடுக்கலாம். அதனாலேயே கூட்டம். ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தில் போட்டு, காலேஜ் கிடைத்து பி.எல்.எம்.இ கிடைக்காமல் போனாலும் பிரவுனில் சேர்ந்தே ஆக வேண்டும். அந்த ஃபீஸைக் கட்டி, மெடிக்கல் சீட் உத்தரவாதம் இல்லாமல் படிக்க வைக்கச் சம்மதமா என்று அக்டோபருக்குள் வீட்டில் பேசி முடியுங்கள். மற்ற இடங்களில் ஜி.பி.ஏ (மார்க் சராசரி) எவ்வளவுக்குக் கீழே போனால் சீட் பறிபோகும், எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். "கேரண்டி" என்ற வார்த்தைக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும்.

இது கிடைக்காவிட்டால் டாக்டர் ஆசையே போயிற்று என்று வீட்டில் அக்கா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டு டாக்டர்களில் பெரும்பாலோர் சாதாரண வழியில் வந்தவர்கள்தான். ஒரு வருடத்தில் எம்.டி-க்கு விண்ணப்பிப்பவர்களில் 10க்கு 4 பேருக்கு மேல் எங்காவது இடம் கிடைத்துவிடுகிறது. பி.எஸ்/எம்.டி-யிலோ பல கல்லூரிகளில் சில டஜன் இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம்.

கடைசியாக, விண்ணப்பத்தோடு பாப்பா எழுதித் தர வேண்டிய எஸ்ஸே. அந்த டிராஃப்டை நீங்கள்தான் திருத்தியிருக்கிறீர்கள், மறுக்காதீர்கள், ஆபீஸ் மெயில் வாசனை அடிக்கிறது. மதுரையில் தாத்தாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தது, அன்றே டாக்டராக முடிவெடுத்தேன் என்று தொடங்குகிறது. அப்போது அவளுக்கு 4 வயது. படிக்கிறவர்களுக்குக் கழித்தல் தெரியும் சார்.

சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறாளே, அதை ரெஸ்யூமேயில் கடைசி வரியில் தள்ளிவிட்டீர்கள். அங்கே ஒரு பாட்டி மதியம் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாராம், பசி போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பல்செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைத்திருக்கிறார், யாரோ தட்டோடு குப்பையில் போட்டுவிட்டார்கள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாட்டி சும்மா இருந்திருக்கிறார். கண்டுபிடித்தது உங்கள் பெண். இப்போது ஒவ்வொரு தட்டிலும் இருக்கிற டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாளாம். இதை என்னிடம் போகிற போக்கில் சொன்னாள், பெரிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. உங்கள் நண்பரின் கிளினிக்கில் ஓரமாக நின்ற 40 மணி நேரத்தை எல்லா நம்மூர்ப் பிள்ளைகளும்தான் எழுதுகிறார்கள். இன்டர்வியூவில் ஒரு டாக்டர் கேட்க விரும்புவது அந்த டிஷ்யூ கதையை.

கோடை விடுமுறைக்கு முன்னால் இரண்டு டீச்சர்களிடம் ரெகமண்டேஷன் கேட்டு வைக்கச் சொல்லுங்கள், ஆகஸ்ட் 1 காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) திறக்கும், பல இடங்களுக்கு நவம்பர் 1 கடைசி நாள். லாயரைப் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. முதல் ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும், காபி தருகிறேன்.