வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும்

கேள்வி: பருவமழைக் காலத்தில் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அருவிக்குக் குடும்பத்தோடு போக ஆசை. மழை பெய்யாத நாளாகப் பார்த்துப் போனால் ஆபத்து இல்லைதானே?

பதில்: நாம் நிற்கும் இடத்து வானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மேலே மலையில் என்ன பெய்கிறது என்பதுதான் முக்கியம். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். சில நிமிடங்களில் மலையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வந்துவிடும். அதனால் மலைப்பகுதிக்கான வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் போனவுடன் தண்ணீரில் இறங்க மாட்டேன். கொஞ்ச நேரம் கரையில் நின்று அதன் நிறத்தைப் பார்ப்பேன். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ உடனே வெளியேறுங்கள். செருப்பைத் தேட வேண்டாம். ஓட்டத்தின் போக்கில் ஓடாமல் பக்கவாட்டு மேட்டில் ஏறுங்கள்.

'முழங்கால் அளவுதானே' என்று குறுக்கே கடக்க ஒருவர் கிளம்புவார், எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ எடை. வேகம் 2 மடங்கானால் அது தள்ளும் விசை 4 மடங்காகும். அவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அப்புறம், அருவிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கல்லும் கட்டையும் சேர்ந்தே விழும். பாசிப் பாறையில் செல்ஃபி வேண்டாம். குளிக்கத் தடை என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். வண்டியை ஓடைப் படுகையில், அது காய்ந்து கிடந்தாலும், நிறுத்தக் கூடாது.